எந்த டிஸ்க் எது? லினக்ஸ் டெர்மினலில் சேமிப்புக் கருவிகளைப் பட்டியலிட்டு அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

பென் டிரைவில் லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைலை (லினக்ஸை நிறுவ உதவும் டிஸ்க் நகல்) எழுத நாம் பயன்படுத்தும் 'டிடி' கட்டளை எதையும் திருப்பிக் கேட்காது. எஸ்டிபி என்று தட்ட வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று தட்டி என்டரை அழுத்திவிட்டால், அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) இருந்த இடம் அடுத்த நொடியே வேறு எழுத்துகளால் நிரம்பிவிடும். பத்து வருடக் குடும்பப் படங்களும் கடைக் கணக்கும் முடிக்காத ஆய்வேடும் இருந்த டிஸ்க் காலியாகத் தெரியும். ரீசைக்கிள் பின் கிடையாது, அன்டூ கிடையாது.

இந்த விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிடி இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய பட்டியலிடும் வேலையை அரைகுறையாகச் செய்வதுதான். "போன தடவை பென் டிரைவ் எஸ்டிபி என்றுதானே வந்தது" என்ற நினைவை நம்பிக் கை வைப்பதுதான். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்கின் பெயர்களே அல்ல. அன்றைக்கு அதற்குக் கிடைத்த இடம், அவ்வளவே. டிஸ்க்கின் உண்மையான அடையாளம் அதன் மாடலும் சீரியல் எண்ணும். அந்த அடையாளத்தை டெர்மினலில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். முதல்முறை வரும்போது எழுத்துக்கூட்டலையோ, எந்தச் சொல்லின் சுருக்கம் என்பதையோ சொல்லிவிடுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடங்களை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

பெயர்கள் எங்கிருந்து வருகின்றன

லினக்ஸில் ஒவ்வொரு சேமிப்புக் கருவியும் /டெவ் (டி, இ, வி) என்ற ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலாகத் தெரியும். பெயரின் முதல் எழுத்துகளே அது எந்த வழியாக இணைந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

எஸ்டி என்று தொடங்கினால் அது கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஸ்கசி என்ற அடுக்கு வழியாக வந்தது. சாட்டா ஹார்டு டிஸ்க், சாட்டா எஸ்எஸ்டி, யுஎஸ்பி பென் டிரைவ், வெளியிலிருந்து செருகும் ஹார்டு டிஸ்க் எல்லாமே இந்த ஒரே வரிசையில்தான் வரும். குழப்பத்தின் வேர் இங்கேதான்: கம்ப்யூட்டருக்குள் திருகு போட்டு மாட்டிய டிஸ்க்கும் இப்போது செருகிய பென் டிரைவும் ஒரே பெயர் வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. முதலில் கண்ணில் பட்டது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, எஸ்டிசட் வரை போனால் அதற்கப்புறம் எஸ்டிஏஏ. பின்னால் ஓர் எண் இருந்தால் அது பார்ட்டிஷன்: எஸ்டிஏ1, எஸ்டிஏ2.

மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பதைப் போன்றதுதான் இந்த எழுத்துகள். இன்றைக்கு மூன்றாம் நம்பர் வாங்கியவர் நாளைக்கும் மூன்றாம் நம்பராக இருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இப்போதைய கர்னல்கள் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நேரத்தில் தேடுகின்றன. அதனால் எது முதலில் பதில் சொல்கிறதோ அதுவே எஸ்டிஏ. எதையும் கழற்றாமல், செருகாமல், வெறுமனே ரீஸ்டார்ட் செய்தாலே இரண்டு டிஸ்க்குகளின் எழுத்துகள் இடம் மாறிக்கொள்ளலாம்.

என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் பெயர் என்விஎம்இ0என்1 என்று வரும். முதல் எண் கன்ட்ரோலர் (டிஸ்க்கை இயக்கும் சில்லு). 'என்'னுக்குப் பிறகு வருவது நேம்ஸ்பேஸ், அதாவது அதன் உட்பிரிவு. பார்ட்டிஷனுக்கு மட்டும் நடுவில் ஒரு 'பி' சேரும்: என்விஎம்இ0என்1பி1. மெமரி கார்டும் மலிவு லேப்டாப்களில் வரும் இஎம்எம்சியும் எம்எம்சிபிஎல்கே0 என்று வரும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் தினமும் பார்ப்பது இதைத்தான். அதிலும் பார்ட்டிஷனுக்கு 'பி' உண்டு. எஸ்ஆர்0 என்பது டிவிடி டிரைவ். விடிஏ என்றால் நீங்கள் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கிறீர்கள். லூப்0, லூப்1 என்பவை டிஸ்க்குகளே அல்ல. ஃபைல்கள் டிஸ்க்காக மாட்டப்பட்டிருக்கின்றன.

முதல் கட்டளை

எல்எஸ்பிஎல்கே. 'லிஸ்ட்' என்பதிலிருந்து எல், எஸ். 'பிளாக்' என்பதிலிருந்து பி, எல், கே. யுடில்-லினக்ஸ் தொகுப்பின் பகுதி என்பதால் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வினியோகங்களிலும் ஏற்கெனவே இருக்கும். சுடோ (எஸ், யு, டி, ஓ; நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்ட முன்னால் சேர்க்கும் சொல்) தேவையில்லை. இது எதையும் எழுதாது, மாற்றாது; எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரு லேப்டாப்பில் இப்படித் தெரியும்:

என்விஎம்இ0என்1 — 259:0 — 476.9ஜி — டிஸ்க்
├─என்விஎம்இ0என்1பி1 — 259:1 — 512எம் — பார்ட் — /பூட்/இஎஃப்ஐ
└─என்விஎம்இ0என்1பி2 — 259:2 — 476.4ஜி — பார்ட் — /
எஸ்டிஏ — 8:0 — 931.5ஜி — டிஸ்க்
└─எஸ்டிஏ1 — 8:1 — 931.5ஜி — பார்ட் — /மீடியா/பேக்கப்
எஸ்டிபி — 8:16 — 28.7ஜி — டிஸ்க்
└─எஸ்டிபி1 — 8:17 — 28.7ஜி — பார்ட்

கோடு போட்டு உள்ளே தள்ளி இருப்பவை பார்ட்டிஷன்கள். இடது ஓரத்தில் ஒட்டி நிற்பவை முழு டிஸ்க்குகள். இந்த வேறுபாட்டை எப்போதும் கவனியுங்கள். ஐஎஸ்ஓ எழுதுவது முழு டிஸ்க்கின் மீது. ஃபார்மேட் செய்வது பெரும்பாலும் பார்ட்டிஷனை.

பட்டியலின் கடைசிப் பத்தி (நெடுக்கு வரிசை) மவுண்ட் ஆன இடம், அதாவது உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க அது எந்த ஃபோல்டரில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது. அங்கே வெறும் சாய்கோடு இருந்தால் உங்கள் இயங்குதளம் ஓடுவதே அதிலிருந்துதான். அந்த வரியையும் அதற்கு மேலே உள்ள தாய் டிஸ்க்கையும் முதலில் அடையாளம் கண்டு, "இதைத் தொடக் கூடாது" என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தேடுவது அதற்குப் பிறகுதான். மேலே நான் காட்டாத ஆர்எம் என்ற பத்தியும் உங்கள் திரையில் இருக்கும்; அதில் 1 இருந்தால் கழற்றக்கூடியது என்று பொருள். ஆனால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்: யுஎஸ்பியில் மாட்டிய பல ஹார்டு டிஸ்க்குகள் அதில் 0 என்றுதான் காட்டும்.

உபுண்டு பயன்படுத்துபவர்களுக்குத் திரை முழுக்க லூப் வரிகள் ஓடும். ஒவ்வொரு ஸ்னாப் மென்பொருளும் ஒரு லூப் கருவியாக மாட்டப்படுவதே காரணம். அவற்றை மறைக்க:

எல்எஸ்பிஎல்கே -இ7

'எக்ஸ்க்ளூட்' என்பதன் இ. 7 என்பது லூப் கருவிகளுக்குக் கர்னல் கொடுத்திருக்கும் மேஜர் எண். மேலே உள்ள பட்டியலில் 8:0, 8:16 என்று பார்த்தோமே, அதில் முதல் எண்தான் அது. எஸ்டி வரிசையின் மேஜர் எண் 8. ஒரு டிஸ்க்குக்குப் பதினாறு இடம் ஒதுக்கியிருப்பதால்தான் எஸ்டிபி 16-இல் தொடங்குகிறது.

அளவைப் பார்த்துக் குழம்பாதீர்கள்

1 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் 931.5ஜி என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். எல்எஸ்பிஎல்கே 1024-ஆல் வகுக்கிறது. 1 டெராபைட் டிஸ்க்கில் வழக்கமாக இருப்பது 1000204886016 பைட். அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்தால் 931.5 வரும். அதே கணக்கில் 500 ஜிபி என்றால் 465.8, 512 என்றால் 476.9, 256 என்றால் 238.5, 240 என்றால் 223.6. இந்த எண்கள் பழகிவிட்டால் பட்டியலைப் பார்த்த உடனேயே எந்த டிஸ்க் எது என்று பாதி தெரிந்துவிடும். பைட் கணக்கில் துல்லியமாக வேண்டுமென்றால் எல்எஸ்பிஎல்கே -பி. இந்த 'பி' பைட்டின் பி.

அடையாளத்தைக் கேட்டு வாங்குங்கள்

அளவு மட்டும் போதாது. ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாடல், ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகள் ஒரு பெட்டிக்குள் இருந்தால் அளவு எதையும் சொல்லாது. எனவே இந்தக் கட்டளையைத்தான் கைப்பழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்:

எல்எஸ்பிஎல்கே -டி -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,டிரான்,ரோட்டா

முதலில் வரும் -டி, 'நோடெப்ஸ்' (சார்ந்தவை வேண்டாம்) என்பதன் டி: பார்ட்டிஷன்களை விட்டுவிட்டு முழு டிஸ்க்குகளை மட்டும் காட்டும். -ஓ என்பது 'அவுட்புட்' என்பதன் ஓ: எந்தெந்தப் பத்திகள் வேண்டும் என்று நாமே சொல்கிறோம். கமாக்களுக்கு இடையில் இடைவெளி விடக்கூடாது. டிரான் (டி, ஆர், ஏ, என்) என்பது 'டிரான்ஸ்போர்ட்' என்பதன் சுருக்கம். ரோட்டா (ஆர், ஓ, டி, ஏ) 'ரொட்டேஷன்' என்பதன் சுருக்கம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டிரான் பத்தி. சாட்டா, என்விஎம்இ, யுஎஸ்பி என்று மூன்றே சொல்லில் விஷயம் முடிந்துவிடும். யுஎஸ்பி என்று ஒரே ஒரு வரி இருந்து, அதன் அளவு நீங்கள் செருகிய பென் டிரைவோடு பொருந்தினால், சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. ரோட்டாவில் 1 என்றால் சுழலும் தட்டு, 0 என்றால் எஸ்எஸ்டி. ஆனால் யுஎஸ்பி வழியாக வருபவற்றில் இதை நம்ப முடியாது. தட்டே இல்லாத பென் டிரைவும் அடிக்கடி 1 என்று காட்டும்.

சீரியல் எண் டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளிலும் அச்சாகியிருக்கும். ரெய்டு அமைப்பில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவது) நான்கு டிஸ்க்குகளில் ஒன்று பழுதானால், எதைக் கழற்றுவது என்று தீர்மானிக்க அந்த லேபிளைத்தான் நம்ப வேண்டும். ஸ்லாட்டுகளை இடமிருந்து வலமாக எண்ணி, மூன்றாவது ஸ்லாட்டில் இருப்பது எஸ்டிசி என்று கணக்குப் போட்டு நல்ல டிஸ்க்கைக் கழற்றினால் முழு ரெய்டும் போகலாம். புது டிஸ்க் மாட்டும்போதே சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு ஸ்டிக்கரில் எழுதி வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கள். பின்னாளில் கையில் டார்ச்சுடன் குனிந்து தேட வேண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கை. ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு மாட்டினால், சீரியல் பத்தியில் தெரிவது டிஸ்க்கின் எண்ணாக இல்லாமல் கேஸின் எண்ணாக இருக்கலாம். சில மலிவுக் கேஸ்களில் தயாரித்த எல்லாவற்றிலும் ஒரே எண்ணைப் பதித்திருப்பார்கள். 0123456789 என்று வரிசையாக ஓடும் சீரியலைக் கண்டால் அது அடையாளமே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் சர்வரில் வேலை செய்பவர்களுக்கும் இந்தச் சீரியல் பத்தி உதவும். அமேசான் ஈசி2-வின் நைட்ரோ வகைச் சர்வர்களில் இபிஎஸ் வால்யூம்கள் என்விஎம்இ பெயரில்தான் தெரியும். இணையப் பக்கத்தில் நீங்கள் கொடுத்த பெயரும் உள்ளே தெரியும் பெயரும் பொருந்தாது. சீரியல் பத்தியில் அந்த வால்யூமின் ஐடியே, நடுவில் உள்ள ஹைஃபன் மட்டும் இல்லாமல், இருக்கும். அதைக்கொண்டு பொருத்திவிடலாம்.

செருகும்போது பாருங்கள்

பட்டியலைப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்றால், கர்னல் என்ன சொல்கிறது என்று நேரடியாகக் கேட்கலாம். பென் டிரைவைக் கழற்றிவிட்டு இதை ஓட்டுங்கள்:

சுடோ டிமெஸ்ஜ் -டபிள்யூ

எழுத்துக்கூட்டல் டி, எம், இ, எஸ், ஜி. 'வெயிட்' என்பதன் டபிள்யூ சேர்ந்திருப்பதால் கட்டளை முடியாமல் காத்திருக்கும். இப்போது பென் டிரைவைச் செருகுங்கள். ஓரிரு நொடிகளில் சில வரிகள் ஓடும். அவற்றில் இப்படி ஒன்று இருக்கும்:

[எஸ்டிபி] 60125184 512-பைட் லாஜிக்கல் பிளாக்ஸ்: (30.8 ஜிபி/28.7 ஜிஐபி)

தயாரிப்பாளர் கணக்கு, கம்ப்யூட்டர் கணக்கு இரண்டையும் கர்னல் ஒரே வரியில் தந்துவிடுகிறது. சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இந்த முறை கிடைத்த எழுத்து. கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வாருங்கள். இதைவிட ஐயமற்ற முறை வேறில்லை: நீங்கள் செருகினீர்கள், உங்கள் கண்முன்னே பெயர் வந்தது. அதை அப்படியே செருகி வைத்துக்கொண்டு வேலையை முடியுங்கள். நடுவில் கழற்றி மாட்டினால் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

மாறாத பெயர்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் எஸ்டிபி என்ற எழுத்தைக் கண்டுபிடிக்கத்தான். அந்த எழுத்தையே பயன்படுத்தாமல் இருக்கவும் வழி உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

எல்எஸ் -எல் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி/

எல்எஸ் நமக்குத் தெரிந்த அதே ஃபைல் பட்டியல் கட்டளை. பை என்பது பி, ஒய். இந்த ஃபோல்டரில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் மாடல், சீரியல் ஆகியவற்றால் ஆன ஒரு நீளப் பெயர் இருக்கும்; அம்புக்குறி அது இப்போது எந்த எழுத்தில் இருக்கிறது என்று காட்டும். ஏடிஏ- என்று தொடங்குபவை சாட்டா டிஸ்க்குகள், என்விஎம்இ- என்று தொடங்குபவை என்விஎம்இ, யுஎஸ்பி- என்று தொடங்குபவை யுஎஸ்பி. பார்ட்டிஷன்களுக்குப் பின்னால் -பார்ட்1, -பார்ட்2 என்று சேர்ந்திருக்கும். டபிள்யூடபிள்யூஎன்- என்று தொடங்கும் வரிகள் அதே டிஸ்க்குகளுக்கு உலகளாவிய எண்ணால் கொடுத்த இன்னொரு பெயர்; இரட்டிப்பாகத் தெரிவதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இந்தப் பெயரின் பலம் எதில் இருக்கிறது? டிஸ்க் எஸ்டிபியாக வந்தாலும் எஸ்டிடியாக வந்தாலும் இந்தப் பெயர் அந்த டிஸ்க்கையே சுட்டும். அது செருகப்படவில்லை என்றால் பெயரே இருக்காது. பெயருக்குள்ளேயே பிராண்ட் எழுதியிருப்பதால், சாம்சங் எஸ்எஸ்டியை அழிக்கப்போகிறோமா, சான்டிஸ்க் பென் டிரைவையா என்று என்டர் அழுத்துமுன் கண்ணே சொல்லிவிடும். நீளமாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள்; முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதி தானே நிரம்பும்.

முன்னே சொன்ன, ஒரே சீரியல் பதித்த மலிவுக் கேஸ்கள் இரண்டைச் சேர்த்து மாட்டினால் இங்கேயும் ஒரே பெயருக்கு இருவர் போட்டியிடுவார்கள். அப்போது பக்கத்தில் உள்ள பை-பாத் ஃபோல்டரைப் பாருங்கள். அது எந்த யுஎஸ்பி துளையில் மாட்டியிருக்கிறது என்பதைக் கொண்டு பெயர் வைக்கும்.

பார்ட்டிஷனுக்குள் என்ன இருக்கிறது

எல்எஸ்பிஎல்கே -எஃப்

'ஃபைல் சிஸ்டம்' என்பதன் எஃப். ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் இருப்பது இஎக்ஸ்டி4-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ, ஃபேட்-ஆ என்பதையும் அதன் லேபிளையும் யுயுஐடியையும் (ஃபைல் சிஸ்டத்துக்கான தனித்துவ அடையாள எண்) காட்டும். யுயுஐடியின் உருவமே ஒரு துப்பு: ஃபேட் என்றால் நான்கு எழுத்து, ஒரு கோடு, நான்கு எழுத்து. என்டிஎஃப்எஸ் என்றால் கோடே இல்லாமல் பதினாறு. இஎக்ஸ்டி4 என்றால் நான்கு கோடுகளோடு நீளமாக ஓடும். விண்டோஸ் டிஸ்க் எது என்று தெரியாமல் தவிக்கும்போது, என்டிஎஃப்எஸ் என்ற சொல்லைத் தேடினால் போதும்.

சுடோ பிஎல்கேஐடி கட்டளையும் இதே தகவலை ஒரு வரிக்கு ஒன்றாகத் தரும். பிளாக் என்பதன் பி, எல், கே, அதோடு ஐடி. சுடோ இல்லாமல் ஓட்டினால் முன்பு சேமித்து வைத்த பழைய தகவல் வரலாம் அல்லது எதுவும் வராமலே போகலாம். எனவே சுடோவோடு ஓட்டுங்கள்.

யுயுஐடி அதிகம் தேவைப்படும் இடம் /இடிசி/எஃப்ஸ்டேப் (எஃப், எஸ், டி, ஏ, பி). கம்ப்யூட்டர் தொடங்கும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே மாட்டுவது என்று எழுதி வைக்கும் ஃபைல் அது. அங்கே /டெவ்/எஸ்டிபி1 என்று எழுதியிருந்து, ஒரு நாள் அது எஸ்டிசி1-ஆக வந்தால், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குள் தள்ளிவிடும். யுயுஐடி= என்று எழுதுங்கள்; இந்த நான்கு எழுத்துகளும் பெரிய எழுத்து. எப்போதும் மாட்டியே இருக்காத டிஸ்க் என்றால் ஆப்ஷன்களில் நோஃபெயில் என்பதையும் சேர்த்துவிடுங்கள்; டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.

யுயுஐடிக்கும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு அப்படியே குளோன் செய்தால் யுயுஐடியும் சேர்ந்து நகலாகிவிடும். இரண்டையும் ஒன்றாக மாட்டி வைத்தால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. குளோன் செய்து முடித்த உடனே ஒன்றைக் கழற்றிவிடுவது நல்லது.

எஃப்டிஸ்க், டிஎஃப்: எதற்கு எது

சுடோ எஃப்டிஸ்க் -எல் பார்ட்டிஷன் அட்டவணையையே வாசித்துக் காட்டும். டிஸ்க் ஜிபிடி முறையிலா, பழைய டாஸ் முறையிலா என்று அறிய இதைப் பாருங்கள். பழைய முறையில், 512 பைட் செக்டார் கொண்ட டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேல் தொட முடியாது. புதிதாக வாங்கிய 4 டெராபைட் டிஸ்க்கில் பாதி காணவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். -எல் போடாமல் எஃப்டிஸ்க்கை ஒரு டிஸ்க்கின் பெயரோடு ஓட்டினால் அது திருத்தும் நிலைக்குள் போய்விடும். தெரியாமல் உள்ளே போய்விட்டால் கியூ அழுத்தி வெளியே வாருங்கள். டபிள்யூ அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது.

டிஎஃப் -ஹெச் கட்டளை 'டிஸ்க் ஃப்ரீ' என்பதன் சுருக்கம். எவ்வளவு இடம் மீதி என்று பார்க்க மட்டும் இது. மவுண்ட் ஆகாத டிஸ்க் இதில் தெரியவே தெரியாது. "டிஎஃப்-இல் வரவில்லை, டிஸ்க் செத்துவிட்டது" என்று பதறுபவர்கள் பலர். எல்எஸ்பிஎல்கே ஓட்டிப் பார்த்தால் அங்கே சமர்த்தாக இருக்கும். இஎக்ஸ்டி4-இல் பயன்படுத்தியதையும் மீதியையும் கூட்டினால் மொத்தம் வராது. ரூட் பயனருக்காக 5 சதவீதம் ஒதுக்கி வைப்பது அதன் இயல்பு.

என்கிரிப்ட் செய்த டிஸ்க்கும் எல்விஎம்மும் வைத்திருப்பவர்களுக்கு எல்எஸ்பிஎல்கே-யின் மரம் இன்னும் ஆழமாகப் போகும்: டிஸ்க், அதற்குள் பார்ட்டிஷன், அதற்குள் கிரிப்ட், அதற்குள் எல்விஎம். தலைகீழாக, ஒரு வால்யூமிலிருந்து அது எந்த டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டுமானால் எல்எஸ்பிஎல்கே -எஸ் போட்டு அந்த வால்யூமின் பெயரைக் கொடுங்கள்.

தெரிவது உண்மையா

எல்எஸ்பிஎல்கே காட்டும் அளவு டிஸ்க்கின் கன்ட்ரோலர் சொன்னது. அளந்து பார்த்துச் சொன்னதல்ல. சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் என்று விற்கும் பென் டிரைவ்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன. கன்ட்ரோலர் 2 டெராபைட் என்று பொய் சொல்லும், உள்ளே இருப்பது சில ஜிபி. அதற்கு மேல் எழுதுவதெல்லாம் காணாமல் போகும். எஃப்3 என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, பென் டிரைவ் மவுண்ட் ஆன ஃபோல்டரில் எஃப்3ரைட், பிறகு எஃப்3ரீட் ஓட்டுங்கள். காலி இடம் முழுவதையும் நிரப்பித் திரும்ப வாசித்து உண்மையைச் சொல்லும். நேரம் எடுக்கும், படங்களை இழப்பதைவிடக் குறைவுதான்.

பழைய கம்ப்யூட்டரோ ஹார்டு டிஸ்க்கோ வாங்குமுன் அதன் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் இது கிடைக்கும்:

சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ

ஹார்டு டிஸ்க்கில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளின் கடைசி மதிப்பைப் பாருங்கள். 5 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்த முடியாதவை. மூன்றும் 0 என்றால் நல்லது. 197 ஏறிக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள், வேறு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். மேலே பெரிய எழுத்தில் 'பாஸ்டு' என்று வருவதை மட்டும் நம்பாதீர்கள். அந்த வரி பாஸ்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்ச்சேர்ந்த டிஸ்க்குகள் ஏராளம். யுஎஸ்பி வழியாக மாட்டியிருந்தால் -டி சாட் என்று சேர்த்துப் பாருங்கள். 'டிவைஸ்' என்பதன் டி, பிறகு எஸ், ஏ, டி.

பட்டியலிலேயே வரவில்லை என்றால்

பென் டிரைவ் என்றால் முதலில் எல்எஸ்யுஎஸ்பி ஓட்டுங்கள். அதில் புது வரி எதுவும் வரவில்லை என்றால் மின்சாரமோ கேபிளோ துளையோதான் பிரச்சினை. யுஎஸ்பி ஹப் வழியாக ஹார்டு டிஸ்க்கை மாட்டியிருந்தால், ஹப்பை விட்டுவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். எல்எஸ்யுஎஸ்பியில் தெரிகிறது, எல்எஸ்பிஎல்கே -ஏ போட்டால் 0பி என்று அளவு காட்டுகிறது என்றால், கார்டு இல்லாத கார்டு ரீடராக இருக்கலாம். பென் டிரைவே அப்படிக் காட்டினால் கன்ட்ரோலர் மட்டும் உயிரோடு இருக்கிறது, மெமரி பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். டக்-டக் என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கை மீண்டும் மீண்டும் மாட்டிக் கழற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே முக்கியமான தரவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டேட்டா ரிகவரி செய்பவரிடம் கொடுப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டியே லினக்ஸ் நிறுவும்போது தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் அதே டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால், தயார்செய்யாமல் மாற்றும்போது விண்டோஸ் தொடங்காமல் போகும்.

விண்டோஸில் இதே வேலைக்கு டிஸ்க்பார்ட் திறந்து லிஸ்ட் டிஸ்க், பவர்ஷெல் என்றால் கெட்-டிஸ்க். டிஸ்க்பார்ட்டில் உள்ள க்ளீன் கட்டளையும் கேள்வி கேட்காத ரகம்; கவனம். மேக்கில் டிஸ்க்யுடில் லிஸ்ட். எக்ஸ்டர்னல், இன்டர்னல் என்று அதுவே எழுதிக் காட்டிவிடுவதால் அங்கே வேலை சற்று எளிது.

இப்போது எழுதலாம்

பென் டிரைவில் ஐஎஸ்ஓ எழுதுவதற்கான முழு வரிசை இதோ. செருகுங்கள். எல்எஸ்பிஎல்கே -ஓ கட்டளையால் டிரான், அளவு, மாடல் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். அதன் பார்ட்டிஷன் எங்காவது மவுண்ட் ஆகியிருந்தால் சுடோ யுமவுண்ட் கொடுத்துக் கழற்றுங்கள். 'அன்மவுண்ட்' என்பதில் முதல் என் கிடையாது. பை-ஐடி ஃபோல்டரில் அதன் நீளப் பெயரைக் கண்டுபிடியுங்கள். -பார்ட்1 இல்லாத, முழு டிஸ்க்கின் பெயர் வேண்டும். பிறகு:

சுடோ டிடி ஐஎஃப்=லினக்ஸ்.ஐஎஸ்ஓ ஓஎஃப்=/டெவ்/டிஸ்க்/பை-ஐடி/யுஎஸ்பி-… பிஎஸ்=4எம் கான்வ்=நோக்ரியேட்,எஃப்சிங்க் ஸ்டேட்டஸ்=புராக்ரஸ்

ஐஎஃப் என்பது 'இன்புட் ஃபைல்', ஓஎஃப் 'அவுட்புட் ஃபைல்', பிஎஸ் 'பிளாக் சைஸ்', கான்வ் (சி, ஓ, என், வி) 'கன்வர்ட்'. 4எம் என்பதில் எம் பெரிய எழுத்து. நோக்ரியேட் என்பதில் 'கிரியேட்' சொல்லின் கடைசி இ இல்லை: என், ஓ, சி, ஆர், இ, ஏ, டி. எஃப்சிங்க் என்பது எஃப், எஸ், ஒய், என், சி.

நோக்ரியேட் எதற்கு? பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், பென் டிரைவ் லேசாகக் கழன்றிருந்தாலும், அந்தப் பெயரில் கருவி எதுவும் இருக்காது. அப்போது டிடி பிழை சொல்லாமல், /டெவ்-க்குள் அதே பெயரில் ஒரு சாதாரண ஃபைலை உருவாக்கி அதில் எழுதத் தொடங்கிவிடும். /டெவ் நினைவகத்தில் இருப்பதால் ரேம் நிரம்பும். வேலை முடிந்தது என்று செய்தியும் வரும். பென் டிரைவில் ஒரு பைட்கூட ஏறியிருக்காது. நோக்ரியேட் இருந்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று உடனே நின்றுவிடும். எஃப்சிங்க், எல்லாம் உண்மையிலேயே பென் டிரைவில் இறங்கும்வரை கட்டளையை முடிக்காமல் வைத்திருக்கும். புராக்ரஸ் காட்டும் அளவு ஐஎஸ்ஓவின் முழு அளவைத் தொட்டும் ஒன்றும் நடக்காமல் நிற்பதுபோலத் தெரிந்தால் அது இந்தக் காத்திருப்புதான். பிடுங்கிவிடாதீர்கள்.

முடிந்ததும் எல்எஸ்பிஎல்கே -எஃப் ஓட்டுங்கள். ஐஎஸ்ஓ9660 என்ற ஃபைல் சிஸ்டமும், லேபிளில் நீங்கள் எழுதிய லினக்ஸின் பெயரும் தெரிந்தால் சரியான இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். பழைய தகவலே காட்டினால் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். எழுத்து மாறியிருக்கக்கூடும் என்பதால் அப்போதும் பை-ஐடி பெயரைக்கொண்டே தேடுங்கள்.